அளவெடுத்துச் செய்யும் பாறையேற்ற ஷூ: எந்தச் சேவை காசுக்குத் தகும்?

பாறையேற்ற ஷூவைக் காலுக்கு அளவெடுத்துச் செய்துதரும் சேவைகள் இப்போது மூன்று வகையில் கிடைக்கின்றன. பாதத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினால் த்ரீடி பிரிண்ட்டில் ஷூ செய்து அனுப்புவது ஒரு வகை. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வார்ப்பு எடுத்து, கையால் தைத்துத் தரும் பட்டறை இன்னொன்று. கடையில் வாங்கிய ஜோடியையே இழுத்து, நிரப்பி, ரப்பர் மாற்றி நம் காலுக்குப் படியவைக்கும் ரீசோல் பட்டறை, அதாவது தேய்ந்த அடிரப்பரை மாற்றித் தரும் இடம், மூன்றாவது. ‘உங்கள் காலுக்கென்றே’ என்று மூவருமே விளம்பரம் செய்கிறார்கள். கைக்கு வருவதோ மூன்று வேறு பொருள்.

பாதத்தை இம்மி பிசகாமல் அளந்து அதே அளவில் ஷூ செய்தால், அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். சின்ன விளிம்புகளில் ஏற முடியாது. சாதாரண ஷூ செய்யும் லாஸ்ட், அதாவது தோலை இழுத்துப் போர்த்தும் கால் வடிவக் கட்டை, பாதத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 15 மி.மீ. நீளமாக இருக்கும். நடக்கும்போது விரல்கள் முன்னே தள்ளப்படும். அதற்கான இடம் அது. ஏறும் ஷூவில் அந்த இடமே கூடாது. விரல் நுனிக்கும் ரப்பருக்கும் நடுவே காற்று இருந்தால், சின்ன விளிம்பில் எடையைப் போட்டதும் ஷூவின் மூக்கு மடங்கிக் கால் நழுவிவிடும். ஐரோப்பிய எண்ணில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் 6.67 மி.மீ. வித்தியாசம். ஆக, சாதாரண ஷூ எண்ணிலிருந்து இரண்டு குறைத்து வாங்கியவர் ‘இறுக்கமாக வாங்கிவிட்டேன்’ என்று நினைத்தாலும், பெரும்பாலும் பாதத்தின் நிஜ நீளத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பார். விரல் முட்டிகள் மடங்கி உட்கார வேண்டுமானால் அதற்கும் கீழே போக வேண்டும்.

எவ்வளவு கீழே என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. அளப்பது யாருக்கும் வரும், கழிப்பதுதான் கடினம். அந்தக் கழிவை யார், எந்தக் கேள்விகளைக் கேட்டு முடிவுசெய்கிறார்கள் என்பதை வைத்தே இந்த மூன்று சேவைகளையும் எடைபோட வேண்டும்.

ஆர்டர் படிவமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். நீளம், அகலம் மட்டும் கேட்கும் படிவத்தை அப்படியே மூடிவிடலாம். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது எங்கே ஏறுகிறீர்கள் என்பதை: சாய்வான ஸ்லாபா, செங்குத்தா, தலைக்கு மேல் கவிந்த ஓவர்ஹேங்கா? ஒரு தடவை போட்டால் எவ்வளவு நேரம் கழற்றாமல் இருப்பீர்கள்? பெருவிரல் நீளமா, இரண்டாம் விரல் நீளமா? இதுவரை போட்ட மாடல் எது, எந்த எண், எந்த இடத்தில் கடித்தது, எந்த இடத்தில் தொளதொளத்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் எந்த ஸ்கேனைவிடவும் மதிப்புள்ளது. தோராயக் கணக்கு இப்படி: நாள் முழுக்கப் போடும் ஷூவுக்கு நின்ற பாத நீளத்தில் 0 முதல் 3 மி.மீ. கழித்தால் போதும், விரல் கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். செங்குத்துப் பாறைக்கு 4 முதல் 7. ஓவர்ஹேங் போல்டரிங்குக்கு (கயிறில்லாமல் உயரம் குறைந்த பாறையில் ஏறுவது) 8 முதல் 12. இதற்கு மேல் கழிக்கச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டாலும் மறுக்கும் பட்டறை நல்ல பட்டறை.

போன் ஸ்கேன், த்ரீடி பிரிண்ட்

வீட்டை விட்டு நகராமல் வேலை முடிந்துவிடும். ஏ4 தாள்மேல் காலை வைத்து, சுற்றிப் படமெடுத்து அனுப்புவதுதான் வழக்கமான முறை. தாளின் 297 மி.மீ. நீளத்தை வைத்து மென்பொருள் அளவைக் கணக்கிடும். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தாள் சுருங்கியிருந்தாலோ கம்பளத்தின்மேல் விரித்திருந்தாலோ 1 சதவீதம் பிசகுவது எளிது. 260 மி.மீ. பாதத்தில் 1 சதவீதம் என்றால் 2.6 மி.மீ.; கிட்டத்தட்ட அரை எண். சாதாரண ஷூவில் இது தெரியவே தெரியாது. ஏறும் ஷூவில் பெருவிரல் நகம் கறுப்பதற்கும் கறுக்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. தாளைக் கடினமான தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். பிறகு பாத நீளத்தை மரச்சட்டம் ஒன்றைச் சுவரோடு வைத்துத் தனியாக அளந்து, ஸ்கேன் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய குறை, படத்தில் இருப்பது நிற்கும் பாதம் என்பது. எடை ஏறியதும் பாதம் நீண்டு, அகன்று, உள்வளைவு தாழ்ந்துவிடும். விரல்கள் தட்டையாகப் பரவியிருக்கும். ஷூவுக்குள் இருக்கப்போவதோ முட்டி உயர்ந்து, விரல் சுருண்டு, குதிகாலிலிருந்து முன்னே தள்ளப்பட்ட பாதம். உள்வளைவு தரையைப் பார்த்திருப்பதால் கேமராவுக்கு அது எட்டுவதே இல்லை. மென்பொருள் ஊகித்து நிரப்பும். அதனால் இந்த வகை ஷூக்களில் அகலமும் நீளமும் சரியாக அமைந்து, வளைவுக்கு அடியில் மட்டும் பை போல் வெற்றிடம் நிற்பதைப் பார்க்கலாம். குதிகாலைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கும்போது ஷூ திரும்பிக்கொள்வது அந்த வெற்றிடத்தால்தான்.

மேல்பகுதி பெரும்பாலும் டிபியு என்ற ரப்பர்போன்ற பிளாஸ்டிக் பொடியில் உருவானது. தோல்போல் இளகிக் கொடுக்காது. முதல் நாள் எங்கே கடிக்கிறதோ, கடைசி நாளும் அங்கேயே கடிக்கும். ஆனால் தோல் ஷூ போல் நாளாக நாளாகத் தொளதொளத்தும் போகாது. அது ஒரு நியாயமான லாபம். இன்னொரு லாபம், கோப்பு அழியாது: இடது விரல் முட்டிக்கு 1.5 மி.மீ. உயரம் கூட்டு என்று சொன்னால் அதை மட்டும் திருத்தி மறுபடி எடுக்கலாம். ஒரு திருத்தமாவது கட்டணத்துக்குள் அடங்குமா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடங்காது என்றால் இந்த வகையில் பணத்தைப் போடாதீர்கள். முதல் பிரதியே கச்சிதமாக அமைவது அதிர்ஷ்டம்.

ரீசோல் செய்யும்போது ஒரு சங்கதி. டிபியுமேல் சாதாரண நியோபிரீன் பசை சரியாகப் பிடிக்காது. பாலியூரிதேன் பசையும் அதற்கான பிரைமரும் வேண்டும். இது தெரியாமல் வழக்கமான பசையில் ஒட்டித் தரும் இடங்களில், மூக்குப் பகுதி சீக்கிரமே உரிந்து வரும். எந்தப் பசையில் ஒட்டப்பட்டது என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

மாவுக்கட்டு வார்ப்பு, கையால் செய்த லாஸ்ட்

உண்மையில் காலுக்கென்று செய்த ஷூ இதுதான். நேரமும் செலவும் அதிகம், தவறு நேர இடமும் அதிகம்.

அளவை மாலையில் எடுக்க வேண்டும்; பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் தனித்தனியே எடுக்காத பட்டறையை நம்ப வேண்டாம். இடதும் வலதும் ஒரே அளவில் உள்ளவர்கள் குறைவு. டேப்பில் எடுக்க வேண்டியவை: பாதத்தின் அகலமான இடத்துச் சுற்றளவு, புறங்கால் மேட்டின் சுற்றளவு, குதிகால் முனையிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரையிலான சுற்றளவு. காலிப்பரில் எடுக்க வேண்டியவை: குதிகாலின் அகலம், விரல் மடங்கிய நிலையில் முட்டியின் உயரம். கடைசியாகச் சொன்ன அளவைப் பலர் எடுப்பதே இல்லை. விரல் முட்டி ரப்பரில் உரசி ஆணி விழுவதற்கு அந்த அலட்சியமே காரணம்.

வார்ப்பு எடுக்கும்போது கால் தரையில் தட்டையாக இருக்கக் கூடாது. குதிகாலைச் சற்று உயர்த்தி, பெருவிரலால் ஒரு சின்னக் கட்டையை அழுத்தி, மற்ற விரல்கள் தாமாக மடங்கி நிற்கும் நிலையில் இருக்க வேண்டும். மெல்லிய காலுறை போட்டு, புறங்காலின் நடுவே வெட்டுவதற்கென ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, நனைத்த பிளாஸ்டர் துணியை மூன்று நான்கு அடுக்காகச் சுற்றுவார்கள். ஐந்து நிமிடம்போல் அசையாமல் இருக்க வேண்டும். சுற்றுபவர் இறுக்கி இழுத்தால் அந்த இழுப்பு அப்படியே வார்ப்பில் பதியும். துணியைச் சாத்த வேண்டும், கட்டக் கூடாது. பல் மருத்துவத்தில் பயன்படும் ஆல்ஜினேட்டில் எடுப்பவர்களும் உண்டு. தோலின் ரேகைவரை பதியும், ஆனால் காயக் காயச் சுருங்கும் என்பதால் உடனே உள்ளே பிளாஸ்டரை ஊற்றி நிரப்பிவிட வேண்டும். ‘நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம்’ என்று ஓரமாக வைத்தால் அந்த அச்சு வீண்.

வார்ப்பிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டர் கால் வெறும் மாதிரிதான். அதன்மேல் தோலை இழுத்து ராண்டை, அதாவது ஷூவின் பக்கங்களைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையை, இறுக்கினால் நொறுங்கிவிடும். அதைப் பார்த்து மரத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ லாஸ்ட் செதுக்க வேண்டும். கழிப்பது இந்தக் கட்டத்தில்தான்: நீளத்தில் முன்னே சொன்ன கணக்கு, தோல் ஷூ என்றால் அகலச் சுற்றளவில் இரண்டு மூன்று சதவீதம், குதிகாலில் இரு பக்கமும் சிறிது. செயற்கைத் துணியானால் அகலத்தில் கழிப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அது இளகாது. கணுவுக்குப் பின்னே குதிகால் தசைநாண் இறங்கும் இடத்தில் ஒன்றும் கழிக்கக் கூடாது.

லாஸ்டை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் பிரிண்ட் செய்யும் பட்டறைகள் இப்போது பெருகியிருக்கின்றன. மலிவு, வேகம் இரண்டும் உண்டு. ஆனால் பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். காய்ந்த நியோபிரீன் பசையைச் சூடேற்றி உயிர்ப்பிக்கும் வெப்பமும் அதே 60, 80 டிகிரிதான். ராண்ட் இழுத்துக் கட்டியிருக்கும்போது சூடு பட்டால் லாஸ்டின் மூக்கு ஓரிரு மி.மீ. உள்வாங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தோம், ஏன் சின்னதாகிவிட்டது?’ என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம். சூடு தாங்கும் ஏபிஎஸ், நைலான், அல்லது உள்ளே ரெசின் ஊற்றிக் கெட்டியாக்கிய லாஸ்ட் இருந்தால் கவலையில்லை. கீழ்நோக்கி வளைந்த ஷூவானால் லாஸ்ட் நடுவில் மடங்கவோ இரண்டாகப் பிரியவோ வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எடுக்கும் இழுபறியில் குதிகால் தையலே விட்டுவிடும்.

அடுத்து தையல், ராண்ட், சோல். மேல்தோலைக் காலுறை மாதிரி அடியிலும் மூடித் தைத்து அதற்குள் லாஸ்டைத் திணிக்கும் முறைதான் ஏறும் ஷூக்களில் பரவலானது. அடியில் 0.5 முதல் 1.2 மி.மீ. வரை ஒரு நடுச்சோல் வரும். கெட்டியானது விளிம்பில் தாங்கும், மெல்லியது பாறையை உணரவைக்கும். எடை குறைந்தவர் கெட்டி நடுச்சோல் கேட்பது வீண், அதை வளைக்கவே அவருக்குப் பலம் போதாது. பிறகு 1.5 முதல் 2 மி.மீ. ராண்ட் ரப்பர் சுற்றிலும் வரும். குதிகாலுக்குப் பின்னால் கவண்போல் இழுத்துக் கட்டும் பட்டை, காலை முன்னே தள்ளி விரலை மூக்கில் உட்காரவைப்பது. இந்த இழுப்புதான் கைவினைஞரின் கைராசி. குறைந்தால் குதிகாலில் காற்றுப் பை. மிகுந்தால் குதிகால் தசைநாணில் புண், பெருவிரல் மூட்டில் குடைச்சல். கெடுபிடியான இறுக்கத்தை லாஸ்டில் பாதி, ராண்டில் பாதி எனப் பிரித்துக் கொடுப்பவர் தேர்ந்தவர். முழுவதையும் ராண்டிலேயே ஏற்றினால் ரப்பர் நாளடைவில் தளர்ந்து, ஷூ திடீரென்று அரை எண் பெரிதானதுபோல் ஆகிவிடும்.

சோல் ரப்பரைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. வைப்ரம் நிறுவனத்தின் எக்ஸ்எஸ் எட்ஜ் ரப்பர் கெட்டி, விளிம்புக்கு ஏற்றது. எக்ஸ்எஸ் கிரிப் 2 மென்மை, உரசிப் பிடிக்கும் பரப்புக்கு ஏற்றது. பெரும்பாலானோருக்கு 4 மி.மீ. சரியாக இருக்கும். ஆர்வக்கோளாறில் 3.5 கேட்பவர்கள் சீக்கிரமே ராண்டைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒட்டும் வேலையை மட்டும் கவனியுங்கள்: ஒட்டப்போகும் இரு பரப்பும் 40 முதல் 60 எண் உப்புத்தாளில் சுரண்டப்பட வேண்டும், பசை இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. புது ஷூவிலேயே மூக்கில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு தெரிந்தால் சுரண்டல் போதவில்லை, அல்லது ஈரப் பசையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அதை வீட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

சோதனை ஷூ தருகிறார்களா? எலும்பு மருத்துவக் காலணிப் பட்டறைகளில், முதலில் லாஸ்ட்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்து ஒரு மாதிரி உறையை மாட்டிவிட்டுப் பார்ப்பது வழக்கம். எந்த இடத்தில் தோல் வெளுக்கிறது, எங்கே இடைவெளி நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஏறும் ஷூவுக்கும் இதைச் செய்துகாட்டும் பட்டறை கிடைத்தால், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

கடை ஷூவைத் திருத்துவது

பலருக்கு இதுவே போதும். தோல் ஷூவானால் குண்டும் வளையமும் கொண்ட இடுக்கியால் பெருவிரல் மூட்டு, சுண்டுவிரல் முட்டி போன்ற ஒற்றை இடங்களை 3 முதல் 5 மி.மீ. வரை உப்பவைக்கலாம். அகலம் கொடுக்கும், நீளம் கொடுக்காது. சுற்றிலும் ராண்ட் பிடித்து வைத்திருப்பதால் நீளத்தில் தோல் போக இடமில்லை. லைனிங் இல்லாத தோல், போடப் போடத் தானாகவே ஓர் எண்வரை இளகும் என்பதால், புது ஷூவை உடனே கொண்டுபோய் இழுக்கச் சொல்லாதீர்கள். குதிகால் தொளதொளப்பை உள்ளே மெல்லிய ரப்பர் தகடு ஒட்டி ஓரளவு நிரப்பலாம், 2 மி.மீ.க்கு மேல் போனால் கால் முன்னே நகர்ந்து விரல் இடிக்கும். வெப்பத் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறவர் கையில் நிதானம் வேண்டும், 70 டிகிரிக்கு மேல் போனால் ராண்டின் பழைய பசையே விட்டுக்கொடுக்கும்.

முடியாதவையும் உண்டு. இரண்டாம் விரல் நீளமானவருக்குப் பெருவிரலை நோக்கிச் சாய்ந்த மூக்குள்ள ஷூவைத் திருத்தவே முடியாது, லாஸ்டின் கோணம் மாறாது. அவர் மூக்கு நேரான மாடலைத் தேட வேண்டும், அல்லது வார்ப்புக்குப் போக வேண்டும். இரு பாதங்களுக்கும் ஓர் எண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கொன்றாக எடுப்பதே பெரும்பாலும் வார்ப்பைவிட மலிவு.

கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது

போட்டதும் ஏறத் துடிக்காதீர்கள். குதிகாலின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரப்பர் உள்ளே போய் ‘டொப்’ என்று திரும்பி வந்தால் அங்கே காற்று. அடுத்து, ஒரு படிக்கட்டு விளிம்பில் பெருவிரலை மட்டும் வைத்து எடையை ஏற்றுங்கள். குதிகால் மெல்ல இறங்கலாம், மூக்கின் ரப்பரில் மடிப்பு விழக் கூடாது. பத்து நிமிடம் கழித்துக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். முட்டிகள்மேல் வரிசையாக இளஞ்சிவப்பு இருந்தால் சரி. அழுத்தம் எல்லா விரலிலும் பகிர்ந்திருக்கிறது. ஒரே விரலில் மட்டும் வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கருஞ்சிவப்பு வளையம் என்றால் அது பழகிப் போகாது. நரம்பில் மின்சாரம்போல் சுருக்கென்று பாய்ந்தால் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். வெல்க்ரோவை முழுக்க இறுக்கிய பிறகுதான் ஷூ நிற்கிறது என்றால், புறங்கால் மேட்டின் சுற்றளவைத் தப்பாக எடுத்திருக்கிறார்கள். பட்டை பாதி இழுப்பில் இருக்கும்போதே கால் ஆடாமல் இருக்க வேண்டும்.

விதிமுறைகளில் பெரும்பாலோர் படிக்காமல் விடுவது லாஸ்டின் கதி. சோலின் விளிம்பு தேய்ந்து ராண்டை எட்டுவதற்குள் ரீசோலுக்கு அனுப்ப வேண்டும். ராண்டில் ஓட்டை விழுந்துவிட்டால் வேலை இரட்டிப்பு. அந்த ரீசோல் உங்கள் லாஸ்ட்மேலேயே நடந்தால் வளைவும் இழுப்பும் புதுசுபோல் திரும்பும். பொதுவான லாஸ்டில் மாட்டிச் செய்தால், காசு கொட்டி வாங்கிய அந்தச் சில மி.மீ. கழிவும் கோணமும் அத்தோடு போய்விடும். ஆகவே லாஸ்ட் யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு பத்திரப்படுத்துவார்கள், கேட்டால் கொடுப்பார்களா என்பதைப் பணம் கட்டும் முன்னரே கேளுங்கள். இரண்டாவது ஜோடியிலும் அளவெடுப்புக் கட்டணம் கேட்கிறவர் லாஸ்டை வைத்திருக்கவில்லை.

இன்னும் ஒரு வருடம்கூட ஏறாதவர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். கால் எந்த நிலையில் நிற்கப் பழகும் என்பது அவர்களுக்கே இன்னும் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்குச் செய்துதர ஒப்புக்கொள்ளும் பட்டறையிடம் யாருமே போகக் கூடாது. கடையில் மூன்று நான்கு லாஸ்ட் வடிவங்களைப் போட்டுப் பார்த்தும் குதிகால் நிற்காதவர், பெருவிரல் மூட்டு புடைத்தவர், அடிபட்டு வடிவம் மாறிய பாதம் உள்ளவர் ஆகியோர் நேராக வார்ப்புக்குப் போகலாம். மற்றவர்கள் தோல் ஷூ ஒன்றை வாங்கி, நன்றாக இளகும்வரை ஏறிவிட்டு, எந்த இடம் இன்னும் கடிக்கிறது என்பதை ஷூவின்மேலேயே சாக்கட்டியால் வட்டமிட்டு ரீசோல் பட்டறைக்கு அனுப்பட்டும்.